நல்ல செய்தியோடு வந்த டிக்கெட்

ஜனவரி 11

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். நீங்கள் நலமா, அண்ணா நலமா என்று கேட்டுவிட்டு வழக்கம்போல அடுத்த வரிக்குப் போக முடியவில்லை. இந்த முறை அந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும். அதனால்தான் வீட்டுக்கு எழுதாமல் உங்கள் மூக்குக் கண்ணாடிக் கடைக்கு எழுதுகிறேன். முதலாளி ஏதாவது கேட்டால் நாத்தனார் தொல்லை என்று சொல்லிவிடுங்கள். யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணா போனில், "அல்சர்தான்டி எலி, காரத்தைக் குறைக்கச் சொல்லியிருக்காங்க, அவ்வளவுதான்" என்றார். உடனே, தான் பழுதுபார்க்கப் போன லிப்டுக்குள் ஒரு வக்கீல் மாட்டிக்கொண்ட கதைக்குப் போய்விட்டார். வக்கீல் உள்ளேயிருந்தே கேஸ் போடுவேன் என்று கத்தினாராம், "யார் மேல சார், கம்பெனி மேலயா, லிப்ட் மேலயா" என்று அண்ணா கேட்டாராம். நானும் சிரித்தேன். ஆனால் அண்ணாவின் பேச்சில் உற்சாகம் கூடினால் எதையோ மறைக்கிறார் என்று அர்த்தம். பிறகு நீங்கள் போனை வாங்கி, "நல்லா இருக்கியாம்மா" என்றீர்கள். இத்தனை வருடத்தில் நீங்கள் என்னை அம்மா போட்டுக் கூப்பிட்டதே இல்லை.

அம்மா போனபோது நான் விடுதியில் இருந்தேன். அப்பா போனபோது இந்த அச்சகத்தில் சேர்ந்த முதல் வருடம். இரண்டு முறையும் விஷயம் கடைசியாகத் தெரிந்தது எனக்குத்தான். உங்கள் வீடு இரண்டே அறை, போனில் எதைச் சொன்னாலும் அவர் காதில் விழும் என்று தெரியும். எழுதுங்கள். இங்கே நாள் முழுக்கப் பாடப் புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறேன். எழுதியிருப்பதை அப்படியே நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

உங்கள் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்


ஜனவரி 24

அன்புள்ள நாத்தனார் தொல்லைக்கு,

நான் நலம். கடையில் கூட்டமில்லாத நேரம் பார்த்து எழுதுகிறேன். எதிரே கண் பரிசோதிக்கும் பலகை தொங்குகிறது. மேல் வரியில் பெரிய எழுத்து, கீழே போகப் போகச் சின்னது. நானும் பெரிய எழுத்தை முதலில் எழுதிவிடுகிறேன்.

இரைப்பையில் புற்றுநோய். கல்லீரலுக்கும் பரவியிருக்கிறது. ஆபரேஷன் செய்து எடுக்கிற கட்டத்தைத் தாண்டிவிட்டது.

இனி சின்ன எழுத்து. டாக்டர் ஒரு பெண்மணி, என் வயதுதான் இருக்கும். நம் கண்ணைப் பார்த்துப் பேசுகிறார். "முழுசா குணமாகும்னு சொல்லி உங்களை ஏமாத்த மாட்டேன். கட்டியைச் சுருக்கலாம், வளராம நிறுத்தி வைக்கலாம். நீங்க நல்லா இருக்கிற மாசங்களைக் கூட்டலாம்" என்றார். மருந்தை ஒன்றாகவும் கொடுக்கலாமாம், இரண்டு சேர்த்தும் கொடுக்கலாமாம். ஒன்று என்றால் உடம்புக்குச் சுலபம். இரண்டு சேர்ந்தால் பலன் கூடும், தொந்தரவும் கூடும். உன் அண்ணன் யோசிக்கவே இல்லை. "நான் லிப்ட் மெக்கானிக் டாக்டர். ஒத்தைக் கயித்துல யாரையும் தொங்கவிட மாட்டேன். ரெண்டையும் போடுங்க" என்றார். டாக்டரம்மா சிரித்துவிட்டார். நான் மட்டும்தான் சிரிக்கவில்லை.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியில் ஒரு மருந்தை நரம்பு வழியாக ஏற்றுவார்கள். இன்னொன்று மாத்திரை, இரண்டு வாரம் காலையும் மாலையும். பிறகு ஒரு வாரம் ஓய்வு. அடுத்த வாரம் ஆரம்பம். மருந்துகளின் பெயரைத் தனிச் சீட்டில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன்.

உனக்குச் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் கேட்டார். நான் தலையைத்தான் ஆட்டினேன், எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று அவர் கவனிக்கவில்லை. இன்னொன்றும் சொன்னார்: "அவளுக்கு டிக்கெட் கிக்கெட் எதுவும் அனுப்பிடாதே." நான் ஏன் டிக்கெட் அனுப்பப்போகிறேன் என்று கேட்டேன். பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார். உன் வேலை கெடக் கூடாது என்று நினைக்கிறார் போல.

அழுதுகொண்டு பட்டினி கிடக்காதே. சாப்பிடு.

உன் அண்ணி


பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. உண்மையை எழுதியதற்கு நன்றி. நன்றி என்பது எவ்வளவு பொருத்தமில்லாத சொல் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

சாப்பிடுகிறேன். நூலகத்தில் மருத்துவப் புத்தகங்கள் இருக்கும் அலமாரிப் பக்கம் போய் நின்றேன். அந்த இரண்டு மருந்துகளைப் பற்றியும் படித்தேன். ஒன்று செல்லுக்குள் புகுந்து அதன் மூலப்பிரதியைக் கெடுக்கிறது. மற்றொன்று புதிதாகப் பிரதி எடுக்கும்போது தவறான எழுத்தைக் கோக்கிறது. நாள் முழுக்க நான் செய்யும் வேலைக்கு நேர் எதிரான வேலை. முதல்முறையாகப் பிழைகளுக்கு வெற்றி கிடைக்க வேண்டும் என்று விரும்பினேன்.

அண்ணி, எனக்கு வர வேண்டும் போலிருக்கிறது. விடுமுறை கேட்டால் கொடுப்பார்கள். ஆனால் நான் வந்து நின்றால், எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிடும். பிறகு என் முன்னால் எப்போதும் நன்றாக இருக்கிறவராகவே நடிக்க வேண்டியிருக்கும். அந்த வேலையையும் அவர் தலையில் ஏற்றுவதா?

சின்ன வயதில் பள்ளி விட்டதும் அண்ணா வேலை செய்யும் கட்டிடத்துக்குப் போய்விடுவேன். மொட்டை மாடியில் லிப்டின் இயந்திர அறை. அவர் கிரீஸ் கையோடு மோட்டாருக்குள் குனிந்திருப்பார். நான் மூலையில் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்து படிப்பேன், எனக்கு எலி என்று அவர் பேர் வைத்தது அங்கேதான். சாயங்காலம் முழுக்க ஒரு வார்த்தை பேசிக்கொள்ள மாட்டோம். அதற்குப் பிறகு அவ்வளவு நிம்மதியாக நான் எங்கும் படித்ததில்லை.

வரட்டுமா? அவர் இப்போது எந்தப் பக்கம் சாய்ந்து படுக்கிறார், சட்டை தளர்ந்துவிட்டதா, வேலைக்குப் போகிறாரா? இப்படிச் சின்னச் சின்னதாக ஏதாவது எழுதுங்கள். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்றும் எழுதுங்கள்.

அன்புடன்,
எலி


பிப்ரவரி 28

அன்புள்ள எலிக்கு,

நலம். பதில் தாமதம், மன்னித்துக்கொள்.

இரண்டு சுற்று முடிந்தது. சாய்வு நாற்காலிகள் வரிசையாகப் போட்ட ஒரு கூடம், ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு மருந்துப் பை. நர்ஸ் நல்ல வாயாடி. "என்ன சார், இன்னைக்கு எத்தனாவது மாடி வரைக்கும் போறோம்" என்று கேட்டுக்கொண்டே ஊசியை ஏற்றுகிறாள். இவர், "பாதி மாடியில நிறுத்திடாதம்மா, அது போதும்" என்கிறார்.

முதல் தடவை ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் தாகம் என்று ஃபிரிட்ஜைத் திறந்து தண்ணீர்ப் பாட்டிலைத் தொட்டார். தொட்ட வேகத்தில் கையை உதறினார். "ஷாக் அடிக்குதுடி." ஃபிரிட்ஜில் ஏதோ கோளாறு என்று நினைத்து பிளக்கைப் பிடுங்கி, டெஸ்டரால் எல்லா இடத்திலும் தொட்டுப் பார்த்தார். ஒன்றுமில்லை. பிறகுதான் டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. குளிர்ச்சியான எதைத் தொட்டாலும் அப்படித்தான் இருக்குமாம், இந்த மருந்தின் குணம் அது. பச்சைத் தண்ணீர் குடித்தால் தொண்டையில் கண்ணாடித் தூள் இறங்குகிற மாதிரி இருக்கிறதாம். இப்போது ஃபிரிட்ஜ் கைப்பிடி, கதவுத் தாழ்ப்பாள், குழாய் எல்லாவற்றுக்கும் துணி சுற்றிவிட்டேன். வீடே அடிபட்ட ஆள் மாதிரி கட்டுப்போட்டுக்கொண்டு நிற்கிறது.

நீ கேட்ட சின்ன விஷயங்கள்: இடப்பக்கம் சாய்ந்து படுக்கிறார். சட்டை தளர்ந்துவிட்டது, பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டுக்கொண்டார். ஊசி போட்ட வாரம் வாந்தி. நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடுகிறது. உள்ளங்கை சிவந்து தோல் உரிகிறது. தெம்பான நாட்களில் கம்பெனிக்குப் போய் உட்கார்ந்து பையன்களைத் திட்டிவிட்டு வருகிறார்.

நீ வருவதைப் பற்றி மெதுவாகப் பேச்செடுத்தேன். "அவ எதுக்கு இப்ப" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு உங்கள் குடும்பம் புரியவே இல்லை. எங்கள் வீட்டில் ஒருவர் தும்மினால் போதும், பெரியப்பா, சித்தி, அவர்கள் வீட்டு நாய் வரைக்கும் வந்து கூடத்தில் உட்கார்ந்துவிடும். நீங்கள் ஆளுக்கொரு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பாசம் வைக்கிற ஜாதி.

என்னைப் பற்றிக் கேட்டிருந்தாய். எனக்கென்ன, நன்றாக இருக்கிறேன்.

உன் அண்ணி


மார்ச் 17

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா? 'எனக்கென்ன' என்று எழுதிவிட்டு அந்த வரியை அழுத்தி முடித்திருக்கிறீர்கள், பேனா தாளைக் கிழித்திருக்கிறது. நீங்கள் எப்போதாவது உங்கள் வீட்டுக்குப் போய் அந்தக் கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

ஒவ்வொரு ஞாயிறும் நானும் அண்ணாவும் அல்சரைப் பற்றிப் பேசுகிறோம். இல்லாத அந்த அல்சர் மேல் எனக்குப் பிரியமே வந்துவிட்டது. காரம் கூடாது, காபி கூடாது என்று நான் புத்தி சொல்கிறேன். அவர், "சரிங்க டீச்சர்" என்கிறார். பேசி முடித்த பிறகு கொஞ்ச நேரம் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சூடு ஆறும்வரை.

என் அறை இரண்டாம் மாடி. ஜன்னலுக்கு எதிரே ஒரு சலவைக்கடை. அங்கே ஒருவர் தோளைக் கொஞ்சம் இறக்கி நடக்கிறார், கருவிப் பையைத் தூக்கித் தூக்கி அண்ணாவுக்கு ஒரு தோள் இறங்கியிருக்குமே, அதேபோல. அவர் வெளியே வரும் நேரம் எனக்குத் தெரியும். அதற்குமேல் எழுதினால் பைத்தியம் என்பீர்கள்.

அண்ணாவைப் பார்க்க வேண்டும். வேறு செய்தி இல்லை.

எலி


ஏப்ரல் 20

அன்புள்ள எலிக்கு,

நலம், நலம், நலம். மூன்று முறை எழுதியிருக்கிறேன், பிழை என்று அடித்துவிடாதே.

ஸ்கேன் எடுத்தார்கள். கல்லீரலில் இருந்தவை பாதிக்குமேல் சுருங்கிவிட்டன. இரைப்பையில் இருப்பதும் சின்னதாகியிருக்கிறது. டாக்டரம்மா படத்தைத் திரையில் போட்டுக் காட்டிச் சிரித்தார். இவர் வீட்டுக்கு வந்து, முட்டை வேண்டும் என்று கேட்டு, இரண்டு முட்டையை முழுதாகச் சாப்பிட்டார். இன்று காலை குளிக்கும்போது பாடினார். சகிக்கவில்லை. நான் வெளியே நின்று முழுசாகக் கேட்டேன்.

கிளம்பும்போது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இந்த நாட்களை வீணாக்காதீங்க. யாரையாவது பார்க்கணும்னா, எங்கயாவது போகணும்னா, இப்பவே" என்றார். எனக்கு உன் முகம்தான் வந்தது.

அதனால் அவரைக் கேட்காமலே டிக்கெட் எடுத்துவிட்டேன். இதோடு வைத்திருக்கிறேன். மே மாதம் ஆறாம் தேதி வண்டி, ஏழாம் தேதி காலையில் இங்கே இருப்பாய். ஜன்னல் ஓர இருக்கை. அன்று காலைவரை அவரிடம் மூச்சு விடப்போவதில்லை. அவர் நன்றாக இருக்கிறார், நீ கிளம்பி வா.

உன் அண்ணி


ஏப்ரல் 29

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

கடிதமும் டிக்கெட்டும் கிடைத்தன. இங்கே புதிய பள்ளி ஆண்டுக்கான புத்தகங்கள் அச்சுக்குப் போகும் நேரம். விடுமுறை கிடைப்பது கடினம் என்கிறார்கள். முயற்சி செய்கிறேன்.

உங்களை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். தனியாக இருக்காதீர்கள். உங்கள் வீட்டிலிருந்து யாரையாவது வரச்சொல்லி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்


மே 19

நாத்தனாருக்கு,

நாங்கள் நலம். நீ நலமா என்று கேட்க வேண்டுமென்றால் நீ போனை எடுக்க வேண்டும். நாலு ஞாயிறாக மணி அடித்து அடித்து ஓய்கிறது. அச்சகத்துக்குப் போன் போட்டேன், 'வேலைக்கு வர்றாங்களே' என்றார்கள். அதனால் உயிரோடு இருக்கிறாய் என்று தெரியும்.

ஏழாம் தேதி காலையில் அவரிடம் சொன்னேன்.  "அவளுக்குத் தெரியுமா" என்று மட்டும் கேட்டார். ஜனவரியிலிருந்தே தெரியும் என்றேன். "ரெண்டு பேரும் சேர்ந்து என்னை அல்சர்காரனாவே ஓட்டியிருக்கீங்க" என்று சிரித்தார். டிக்கெட் அனுப்பியதைச் சொன்னபோதுதான் முகம் மாறியது. "டிக்கெட்டை மட்டுமா அனுப்பினே? நான் நல்லா இருக்கேன்னு எழுதினியா?" என்றார். வரிக்கு வரி எழுதினேன் என்றேன். எழுந்து போய்ச் சவரம் செய்துகொண்டார். வெயிலில் கம்பளிக் கையுறை போட்டுக்கொண்டார், ஸ்டேஷன் கம்பிகள் காலையில் குளிருமே, அதற்காக. நான் ஆட்டோவில் போகலாம் என்றேன், கேட்கவில்லை, பஸ்தான் என்றார்.

வண்டி வந்தது. உன் பெட்டிக்கு நேராக நின்றோம். எல்லோரும் இறங்கினார்கள். நீ இறங்கவில்லை. "எலி தூங்கிட்டிருப்பா, எழுப்பணும்" என்று உள்ளே ஏறிவிட்டார். பெட்டி முழுக்க இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தார், ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நானும் வெளியே நடந்தேன். உன் இருக்கையில் ஒரு அம்மாள் பையை வைத்திருந்தாள். அவளிடம் ஏதோ கேட்டார். அவள் தலையை ஆட்டினாள்.

திரும்பி வரும்போது, "கடைசி நேரத்துல வேலை வந்திருக்கும், பாவம்" என்றார். அன்று மாலை சாப்பிடவில்லை. மருந்தினால் என்று நினைத்துக்கொள்கிறேன்.

அவ்வளவு தெம்பாக அவர் இருந்தது அந்த வாரம்தான். உனக்கு அண்ணன் வேண்டுமா, அச்சகம் வேண்டுமா என்று நீ முடிவு செய்துகொள். நான் இனி கேட்க மாட்டேன்.

அண்ணி


ஜூன் 2

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை உடனே பிரிக்கவில்லை. மேசைமேல் வைத்து, அதன்மேல் ஒரு அகராதியை வைத்து மூடியிருந்தேன். உள்ளே அண்ணாவின் ஈமக் காரியங்கள் எப்படி நடந்தன என்று எழுதியிருப்பீர்கள் என்று நினைத்தேன். நேற்றுத்தான் பிரித்தேன். அண்ணா பெட்டிக்குள் ஏறி நடந்தார் என்ற வரிக்கு வந்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டேன். நடந்தார். பஸ்ஸில் போனார். சவரம் செய்துகொண்டார். அந்த வரிகளை எத்தனை முறை படித்தேன் என்று சொல்ல மாட்டேன்.

உங்களுக்கு ஒன்று தெரியாது. நாங்கள் இருவருமே சொல்லவில்லை. அம்மா போனபோது விடுதிக்கு ஒரு டிக்கெட் வந்தது. கூடவே அண்ணாவின் கடிதம்: அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, உன்னைப் பார்க்க ஆசைப்படுகிறாள், வா. அப்பா போனபோதும் டிக்கெட்டை யாரோ கொண்டுவந்து கொடுத்தார்கள். கடிதத்தில், அப்பா எழுந்து உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டார், உன்னைக் கேட்டார், கிளம்பி வா என்று இருந்தது. நான் ஸ்டேஷன் கடையில் அப்பாவுக்கு ஒரு சட்டை வாங்கினேன். வண்டியில் ஒரு நாவலைப் படித்துச் சத்தமாகச் சிரித்தேன். தெருமுனை திரும்பியபோது வாசலில் வாடகை நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அண்ணா ஓடி வந்து என் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டார். அந்தச் சட்டையைப் பற்றி நாங்கள் இதுவரை பேசியதில்லை.

எங்கள் வீட்டிலிருந்து எனக்கு டிக்கெட் வந்தது அந்த இரண்டே முறைதான். இரண்டு முறையும் நல்ல செய்தியோடு.

உங்கள் கவரிலிருந்து முதலில் விழுந்தது டிக்கெட். பிறகு கடிதத்தைப் படித்தேன். முட்டை சாப்பிட்டார், பாடினார், டாக்டர் சிரித்தார். அண்ணா சொல்லித்தந்த முறையில் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள் என்று நினைத்தேன். எவ்வளவு நல்ல செய்தியோ அவ்வளவு நிச்சயம். டிக்கெட் தேதி பத்து நாளுக்குமேல் தள்ளி இருக்கிறதே, யாருக்காகவாவது அத்தனை நாள் காத்திருப்பார்களா என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

ஆறாம் தேதி பெட்டியோடு ஸ்டேஷனுக்குப் போனேன். வண்டி நின்றது. ஏறினால் முடிந்துவிடும் என்று தோன்றியது. நான் போய்ச் சேராதவரை அண்ணா உள்ளே எங்கேயோ மோட்டாருக்குமேல் குனிந்துகொண்டுதான் இருப்பார். வண்டி நகர்ந்தது. நான் நின்றேன். போனை எடுக்காததும் அதற்காகத்தான். யாரும் என்னிடம் வாயால் சொல்லிவிடக் கூடாது.

அச்சகத்தைக் குறை சொல்லாதீர்கள். விடுமுறையே நான் கேட்கவில்லை.

அவர் நன்றாக இருந்த வாரத்தை நான் இங்கே துக்கம் காத்துக் கழித்திருக்கிறேன். போனில் அவரிடம் என்ன பேசுவது என்று தெரியவில்லை. அவர் சிரித்தால், இதை நம்பலாமா என்று யோசிப்பேன். இதை அவரிடம் காட்டுவதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. நான் வரலாமா? வரலாம் என்றால் ஒரு வரி போதும்.

எலி


ஜூலை 7

அன்புள்ள எலிக்கு,

அண்ணன் எழுதுவது. எழுத்து கோணலாக இருக்கும். விரல் நுனியில் உணர்ச்சி இல்லை, பேனாவைப் பிடித்திருக்கிறேனா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். பிழை இருந்தால் திருத்திப் படி, உன் தொழில்தானே.

உன் கடிதம் ஒரு மாதம் உன் அண்ணியின் கைப்பைக்குள் இருந்தது. முதலில் உன்மேல் கோபம். படித்த பிறகு என்மேல் கோபம். அதற்குள் என் உடம்பு கொஞ்சம் படுத்தியது, அதனால் கோபத்தைத் தள்ளிப்போட்டிருக்கிறாள். நேற்று என் மடியில் போட்டுவிட்டு, "அண்ணனும் தங்கச்சியும் நல்லா வளர்ந்தீங்க" என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டாள். அரை மணி நேரம் ஆகியும் உள்ளே வரவில்லை. காயப்போட்டது ரெண்டு துண்டு.

அப்பா விஷயத்தைச் சொல்கிறேன். நீ தனியாக வரவேண்டும், ஒரு பகலும் ஒரு ராத்திரியும். உண்மையை எழுதினால் அத்தனை நேரமும் தெரியாத ஆட்களுக்கு நடுவில் அழுதுகொண்டு வருவாய். அதனால், வண்டியில் இருக்கிற வரைக்கும் எலிக்கு அப்பா இருக்கட்டும் என்று நினைத்தேன். என்னால் உனக்குக் கொடுக்க முடிந்தது அவ்வளவுதான். அது இப்படித் திரும்பி வந்து என்னையே பிளாட்பாரத்தில் நிற்கவைக்கும் என்று தெரியாது.

அன்றைக்கு நீ இறங்காதபோது எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. உன் அண்ணியிடம் வேலை கீலை என்று சமாளித்தேன். உனக்கு எழுதியிருக்க வேண்டும். என்ன எழுதினாலும் நம்பமாட்டாயே என்று விட்டுவிட்டேன். போன மாதம் முழுக்க அதுதான் யோசனை. நான் உயிரோடு இருக்கிறேன் என்பதை என் தங்கையிடம் எப்படி நிரூபிப்பது?

கெட்ட செய்தி சொன்னால் நம்புவாய். அதனால் சொல்கிறேன், ஒன்றையும் மறைக்கவில்லை. போன வாரம் எடுத்த ஸ்கேனில் கல்லீரலில் இருப்பவை மறுபடி வளர ஆரம்பித்திருக்கின்றன. புதிதாக ஒன்றும் வந்திருக்கிறது. விரல் மரத்துப்போனதால் ஏற்றுகிற மருந்தை ஏற்கெனவே நிறுத்தியாகிவிட்டது. மாத்திரையும் இனி பிரயோஜனமில்லையாம். வேறு ஒரு மருந்து தருகிறார்கள், இது ஒன்றுதான், ஒத்தைக் கயிறு. "எவ்வளவு நாள் டாக்டர்" என்று நேராகவே கேட்டேன். "வருஷக் கணக்குல பேச முடியாது. மாசக் கணக்கு. சிலருக்கு அதுவும் குறைவு" என்றார். எடை குறைந்துவிட்டேன், நீ பார்த்தால் அடையாளம் தெரிய ஒரு நொடி ஆகும். பகலில் நிறையத் தூங்குகிறேன். வலிக்கு மாத்திரை இருக்கிறது, கேட்கிறது. பயமாக இருக்கிறதா என்றால், சாயங்காலத்தில் கொஞ்சம்.

இதுதான் முழுக் கணக்கு. இப்போது சொல்வதையும் நம்பு: நான் இருக்கிறேன். உன்னைப் பார்க்க வேண்டும். நல்லா இருக்கிற அண்ணனைப் பார்க்கிற வாய்ப்பு போய்விட்டது, இருக்கிற அண்ணனைப் பார்க்கலாம்.

டிக்கெட் அனுப்ப மாட்டேன். நீயே எடுத்துக்கொண்டு வா.

உன் அண்ணன்


ஜூலை 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் இன்று காலை வந்தது. நம்பினேன். ஒவ்வொரு வரியையும் நம்பினேன். நீங்கள் எனக்கு எழுதியதிலேயே மிக மோசமான கடிதம் இதுதான். இதைப் படித்துவிட்டுத்தான் மூச்சு விட்டேன்.

மதியம் ஸ்டேஷனுக்குப் போய் நானே வரிசையில் நின்று டிக்கெட் எடுத்தேன். நாளை காலை வண்டி. அச்சகத்தில், எப்போது திரும்புவேன் என்று தெரியாது என்று சொல்லிவிட்டேன். மேலதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "போய்ட்டு வாம்மா" என்றார்.

அப்பாவுக்காக ரயிலில் வந்த அந்த ஒரு பகல், ஒரு ராத்திரி. அதற்காக நான் உங்கள்மேல் கோபப்பட்டதாக நினைத்திருந்தால், அது இல்லை. எல்லோருக்கும் அப்பா போய்விட்ட பிறகும் எனக்கு மட்டும் ஒரு நாள் கூடுதலாக இருந்தார். அவருக்குச் சட்டையின் கழுத்து இறுக்குமோ என்று கவலைப்பட்டுக்கொண்டே வந்தேன். அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் உங்கள் விஷயத்தில் அப்படி ஒரு நாள் எனக்கு வேண்டாம். உங்களோடு இருக்கிற நாட்கள்தான் வேண்டும், வாந்தியோடும் வலியோடும் சாயங்காலப் பயத்தோடும். நடிக்காதீர்கள். தூக்கம் வந்தால் தூங்குங்கள். நான் மூலையில் உட்கார்ந்து படிக்கிறேன்.

நீங்கள் ஸ்டேஷனுக்கு வந்து நிற்கக் கூடாது என்றுதான் போனில் சொல்லாமல் கிளம்புகிறேன். அண்ணியும் அலைய வேண்டாம். வழி தெரியும்.

இத்தனை மாதங்களில் முதல்முறையாக வீட்டு முகவரிக்கு எழுதுகிறேன். இந்தக் கடிதம் தபாலில் மெதுவாகத்தான் வரும், நான் அதற்கு முன்னால் வந்துவிடுவேன். தபால்காரர் மணி அடிக்கும்போது நீங்கள் எழுந்திருக்க வேண்டாம். படுத்தே இருங்கள். நான் போய் வாங்கிக்கொள்கிறேன்.

எலி